வெள்ளைச் சீலைக்குள்ள ஆர்?

மாணவர்கள் எடுத்த பேய்ப்படம் ஒன்று திரையிட்டு முடிந்ததும் நடக்கிற கலந்துரையாடலில் எதைப் பற்றியெல்லாம் கதைக்கிறார்கள்? கதை விளங்கேல்ல, கமரா ஆடுது, சவுண்ட் கூடிப்போச்சு, கடைசிச் சீனில் எடிற்றிங் நல்லா இருந்தது. உடுப்பைப் பற்றி ஒருத்தரும் கதைப்பதில்லை. எங்கட குறும்படக் குழுக்களில் உடுப்பு, மேக்கப், கைச்சாமான் எல்லாம் படப்பிடிப்புக்கு முதல்நாள் பின்னேரம் குழுவில் இருக்கிற ஒரு பிள்ளையின் தலையில் கட்டிவிடுகிற வேலை. அந்தப் பிள்ளை வீட்டு அலுமாரியில் இருந்து அம்மம்மாவின் வெள்ளைச் சீலை ஒன்றை எடுத்துக்கொண்டு வரும். கூடவே ஒரு பவுடர் டின், கண்மை, சிவப்பு லிப்ஸ்டிக். தலைமயிரை அவிழ்த்து முன்னால் விட்டால் பேய் ரெடி.

இந்த அவசரத்துக்கு எதிராகத்தான் இதை எழுதுகிறோம். எங்கட வாதம் சுருக்கமானது. ஒரு பேய்ப்படம் யாரைப் பார்த்துப் பயப்படச் சொல்கிறது என்பது உடுப்புப் பையைக் கட்டும்போதே முடிவாகிவிடுகிறது. வசனமும் இசையும் பிறகுதான் வருகின்றன. அந்தப் பையை யோசிக்காமல் கட்டுகிறவர்கள், ஊர் ஏற்கெனவே ஒதுக்கி வைத்திருக்கிற ஆட்களையே திரும்பவும் பேயாக்கி அனுப்புகிறார்கள். அந்தப் பேய்க்கு ஒருத்தரும் பயப்படுவதும் இல்லை என்பது இன்னொரு சோகம்.

வெள்ளைச் சீலையில் இருந்து தொடங்குவோம். எங்கட ஊர்களில் வெள்ளைச் சீலை ஆர் உடுத்துகிறது? புருசன் செத்த பொம்பிளை. இப்ப எல்லாரும் உடுத்துவதில்லை. அதை மறுத்து நிறச்சீலையும் பொட்டுமாய் நடமாடுகிற பெண்கள் நிறையப் பேர். ஆனால் அந்த உடுப்பின் அர்த்தம் ஒருத்தருக்கும் மறக்கவில்லை. நல்ல காரியத்துக்கு வெளிக்கிடேக்க முழுவியளத்துக்கு விதவை எதிர்ப்படக் கூடாது எண்டு இன்றைக்கும் படலையை எட்டிப் பார்க்கிற வீடுகள் இருக்கு. கலியாண வீட்டில் மணவறைக்குக் கிட்ட வராமல் தானாகவே பின்வாங்கி நிற்கிற தாய்மார் இருக்கினம். போர் முடிந்தபோது வடக்கிலும் கிழக்கிலும் பல்லாயிரம் பெண்கள் துணையை இழந்திருந்தார்கள். அவர்களைத்தான் ஊர் அபசகுனமாய்ப் பார்த்தது. இப்ப அதே உடுப்பை ஒரு பெண்ணுக்குச் சுத்தி, பனைவடலிக்குள் இருந்து வெளிய வரவிட்டு, பின்னணியில் வயலின் இழுத்தால் அது என்ன? முழுவியளம் பார்க்கிற கிழவன் செய்கிற அதே வேலையைக் கமரா வைத்துச் செய்வது.

உடனே ஒரு பதில் வரும். "அது விதவை இல்லையடா, பேய்க்கு வெள்ளைதான், உலகம் முழுக்க அப்பிடித்தான்." உலகத்தைப் பார்ப்போம். 1998இல் வந்த ஜப்பானியப் படமான 'ரிங்கு'வில் சடாகோ வெள்ளை உடுப்போடும் முகத்தை மூடின கூந்தலோடும் கிணத்துக்குள்ளால் வருகிறாள். ஜப்பானில் செத்தவருக்கு வெள்ளை உடுப்புப் போட்டு அனுப்புகிற வழக்கம் இருக்கிறது. அவர்களின் பழைய ஓவியங்களிலும் நாடக மேடையிலும் ஆவி அப்படித்தான் வரும். அதாவது அவர்கள் பிணத்தின் உடுப்பைத்தான் பேய்க்குக் கொடுத்தார்கள். அந்த நடையையும் சும்மா விடவில்லை. கபுகி பயின்ற நடிகையைப் பின்பக்கமாய் நடக்கவைத்துப் படம்பிடித்து, அதை மாறி ஓட்டினார்கள். எங்கட ஆட்கள் அதில் இருந்து எடுத்தது கூந்தலை மட்டும்.

இந்திய சினிமாவின் வெள்ளைச் சீலைக்கு வேறொரு கதை. 1964இல் ஹிந்தியில் 'வோ கோன் தீ', மலையாளத்தில் 'பார்கவி நிலையம்', 1966இல் தமிழில் 'யார் நீ?' என்று ஒரு வரிசையே இருக்கிறது. கறுப்பு வெள்ளைப் பிலிமில் இரவுக் காட்சியில் தூரத்தில் இருந்தே எடுபடுவது வெள்ளை. மழையிலும் புகையிலும் அது மிதக்கிற மாதிரித் தெரியும். அந்தக் காலத்து ஒளிப்பதிவாளருக்கு அது ஒரு வசதி. நாங்கள் கலரில், கைபேசியில், எல்ஈடி லைற்றில் எடுக்கிறோம். அந்த வசதிக்கு எங்களுக்கு இனி ஒரு தேவையும் இல்லை. ஆனால் பெண், வெள்ளை, இரவு, ஆபத்து என்ற கணக்கை மட்டும் அப்படியே கடன் வாங்கி வைத்திருக்கிறோம்.

சரி, ஜப்பான்காரர் கேட்ட கேள்வியை நாங்களும் கேட்டுப் பார்ப்போம். எங்கட ஊரில் செத்தவர் என்ன உடுத்துகிறார்? சுமங்கலியாய்ச் செத்த பெண்ணைப் பல வீடுகளில் கூறைச் சீலை உடுத்தித்தான் வளர்த்துவார்கள். பூ, பொட்டு, மஞ்சள் எல்லாம் இருக்கும். வாய் திறக்காமல் நாடியைச் சுற்றித் துணிக்கட்டு. கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்து ஒரு கட்டு. மூக்கில் பஞ்சு. வாயில் வாய்க்கரிசி. கொஞ்சம் யோசித்துப் பாருங்கோ. விடியப்புறம் குசினியில் சத்தம் கேட்டு எழும்பிப் போனால், கலியாணப் படத்தில் இருக்கிற அதே கூறையோடு அம்மா நிற்கிறா. நடக்க முடியாமல் இரண்டு காலையும் சேர்த்து இழுக்கிறா. கதைக்க வாய் திறந்தால் அரிசி கொட்டுகிறது. இதற்கு என்ன செலவு? ஒரு கூறை, ஒரு முழத் துணி, ஒரு பிடி அரிசி. பவுடர் டின் தேவையில்லை. பார்க்கிற எல்லாருக்கும் அந்தக் கட்டுகளைத் தெரியும், ஒரு செத்தவீட்டிலாவது கண்டிருப்பார்கள். அந்தப் பேய் ஆரோ ஒரு 'விதவை' இல்லை. வீட்டு ஆள். பயமும் துக்கமும் சேர்ந்து வருகிற இடம் அதுதான்.

மேக்கப்புக்கு வருவோம். வெள்ளைப் பவுடருக்கு அடுத்து எங்கட படங்களில் அதிகம் பாவிக்கப்படுவது தீக்காயமும் தழும்பும். ரிசு பேப்பரைக் கிழித்துப் பசையால் ஒட்டி, மேலே சிவப்பும் கறுப்பும் பூசி, அரை முகம் எரிந்த மாதிரிச் செய்வார்கள். யூரியூப்பில் பார்த்தால் பத்து நிமிச வேலை. கேட்க வேண்டிய கேள்வி கையைப் பற்றினது இல்லை. ஷெல் பட்ட, எரிகாயம் பட்ட, ஒரு கண் போன, கை கால் இழந்த ஆட்கள் எங்கட தெருவில், எங்கட பஸ்ஸில், எங்கட வகுப்பில் இருக்கிறார்கள். அவர்களின் முகத்தை வில்லனுக்கும் பேய்க்கும் ஒட்டிவிட்டு, 'திடுக்' என்று காட்டி சனத்தைக் கத்தவைத்தால், நாளைக்கு அதே சனம் பஸ்ஸில் அந்த ஆளுக்குப் பக்கத்து சீற்றில் இருக்குமா? கறுப்புப் பூச்சும் இதே கணக்குத்தான். காட்டேரிக்கும் மந்திரவாதிக்கும் முகம் கறுப்பாக்குகிறீர்கள். கதாநாயகிக்கு இரண்டு நிறம் வெளுப்பாக்குகிறீர்கள். நடிக்கிற இரண்டு பேரும் ஒரே ஊர்ப் பிள்ளைகள்.

தொழில் அளவிலும் இது சரிவருவதில்லை. எங்கட தோலில் வெறும் ரல்கம் பவுடர் போட்டுக் கைபேசி ஃபிளாஷில் எடுத்தால் சாம்பல் பூசின மாதிரித்தான் வரும். கழுத்தும் காதும் கையும் ஒரு நிறம், முகம் வேறொரு நிறம். பிணக்களை வேண்டுமென்றால் உதட்டின் நிறத்தை மங்கவிட்டு, கண்ணுக்குக் கீழேயும் நகத்திலும் நீலச் சாம்பல் தொட்டால் போதும். இரத்தம் என்று பீற்றூட் சாறு ஊற்றுகிறார்கள். அது கமராவில் ரோஸ் நிறம். கித்துள் பாணி அல்லது குளுக்கோஸ் பாகில் சிவப்புச் சாப்பாட்டுக் கலர் விட்டு, ஒரு சிட்டிகை கொக்கோ பவுடர் சேர்த்தால் தடிப்பும் வரும், காய்ந்த நிறமும் வரும். நீல லைற் போட்டால் சிவப்பு கறுப்பாய்த் தெரியும். அதை முதலே ஒருக்கால் போட்டுப் பாருங்கோ.

இதில் ஒரு ஆபத்தும் இருக்கு. கலர் கொண்டக்ற் லென்ஸை ஒன்லைனில் வாங்கி, ஒரே சோடியை மூன்று பேர் மாறி மாறிப் போடுகிற குழுக்களும் இருக்கின்றன. அளவு பார்க்காத, கழுவாத லென்ஸால் கருவிழியில் புண் வந்து பார்வையே போகலாம். கடதாசி ஒட்டுகிற பசையை, சுவர்ப் பெயின்ரைத் தோலில் பூசக் கூடாது என்று சொல்லவும் வேண்டிக் கிடக்கிறது. 'அரிதாரம்' என்ற சொல்லே ஆசனிக் கலந்த மஞ்சள் கல்லின் பெயர். பழைய நடிகர்கள் அதைப் பூசித்தான் ஆடினார்கள். அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. எங்களுக்கு இருக்கிறது. நடிக்கிற பிள்ளையின் கண்ணைவிடப் பெரிய ஷொட் உலகத்தில் இல்லை.

அடுத்தது மந்திரவாதியின் குடில். இது ஒரு நிரந்தர செற். சுருட்டு, சாராயப் போத்தல், கறுத்தக் கோழி, வெட்டின தேசிக்காய், குங்குமம், ஒரு சூலம். கலை இயக்கம் எண்டு பெயரும் போடுவார்கள். இந்தச் சாமான்கள் எல்லாம் எங்கே இருந்து வந்தன? முனிக்கும் வைரவருக்கும் அண்ணமாருக்கும் படைக்கிற படையல் அது. மரத்தடியில் ஒரு கல்லை வைத்து, ஒடுக்கப்பட்ட சாதியினர் தங்கட தெய்வத்துக்குத் தங்கட சாப்பாட்டைப் படைத்தார்கள். பெரிய கோயிலுக்குள் அவர்களை விடாத காலத்தில் அதுதான் அவர்களின் கோயில். ஆகமக் கோயிலின் கற்பூரமும் தேங்காயும் படத்தில் பேயை விரட்டும். மரத்தடிக் கோயிலின் சுருட்டும் சாராயமும் பேயை ஏவும். செற்றுக்குச் சாமான் அடுக்கின பெடியனுக்கு இப்படி ஒரு நோக்கமும் இருந்திராது. ஆனால் படம் சொல்வது அதைத்தான்.

முகமூடியும் அப்படித்தான். அம்பலாங்கொடையில் சுற்றுலாப் பயணிகளுக்கு விற்கிற மரமுகமூடியை வாங்கி வந்து 'சிங்களப் பேய்' எண்டு ஒன்றை ஆட்டிவிடுகிறார்கள். தஹஅட்ட சன்னி சடங்கில் வருகிற 18 முகமூடிகளும் 18 நோய்கள். ஒவ்வொரு நோய்க்கும் ஒரு முகத்தைக் கொடுத்து, நோயாளிக்கு முன்னால் ஆடவிட்டு, பகிடி பண்ணிச் சிரிக்கவைத்து அனுப்பிவிடுகிற வைத்தியம் அது. அந்த முகங்கள் கோணலாய் இருப்பதற்குக் காரணம் உண்டு. காரணத்தைத் தெரிந்தவர் கையில் அது ஒரு முழுப்படத்துக்கான கதை. தெரியாதவர் கையில் வெறும் மரம். எங்கட பக்கத்தில் கூத்து இருக்கு. மட்டக்களப்பில் வடமோடிக்குக் கரப்புடுப்புக் கட்டத் தெரிந்த, எந்த வெளிச்சத்துக்கு முகத்தில் எந்த நிறம் எடுபடும் என்று தெரிந்த அண்ணாவிமாரும் ஒப்பனைக்காரரும் இன்னும் இருக்கிறார்கள். ஒரு பேய்ப்படக் குழு அவர்களிடம் போய் ஒரு பின்னேரம் இருந்தால் கிடைக்கிற அறிவு நூறு யூரியூப் வீடியோவில் இல்லை. போகிறவர்கள் மிகக் குறைவு.

இதை வாசிக்கிற சிலர், "அப்ப நாங்கள் எங்கட பயங்களை எடுக்கிறம்" எண்டு வேறொரு பக்கம் ஓடுவார்கள். அங்கேயும் ஒரு எச்சரிக்கை இருக்கிறது. எங்கட ஆட்களை உண்மையாய்ப் பயப்படுத்தின உடுப்புகள் பல. இரண்டு ஓட்டை போட்ட சாக்கைத் தலையில் மாட்டி ஜீப்புக்குள் இருந்த தலையாட்டி. இந்திய இராணுவ காலத்திலும் அதற்குப் பிறகும் சுற்றிவளைப்பில் வரிசையாய் நடந்துபோன இளைஞர்களில் ஆர் வீட்டுக்குத் திரும்புவது, ஆர் திரும்பாதது என்பதை அந்தச் சாக்கின் ஒரு அசைவு தீர்மானித்தது. 2011 ஓகஸ்டில் நாடு முழுக்க அலைந்த கிறீஸ் பூதம். உடம்பில் கிறீஸ் பூசினவர்கள் இரவில் பெண்களைத் தாக்குகிறார்கள் என்ற பயம் ஊர் ஊராய்ப் பரவியது. புத்தளத்தில் ஒரு பொலிஸ்காரர் கொல்லப்பட்டார். நாவாந்துறையில் மர்ம மனிதர்களைத் துரத்திப் போன சனம் இராணுவத்தோடு முரண்பட, அன்றிரவு நூற்றுக்கும் மேற்பட்ட ஆண்கள் அடித்துக் கைதுசெய்யப்பட்டார்கள். ஒரு சாக்கு, ஒரு டின் கிறீஸ். எந்த மாணவர் குழுவுக்கும் கட்டுப்படியாகிற சாமான்கள்.

இவற்றை எடுக்க வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. எடுக்க வேண்டும், அதுவும் இந்தத் தலைமுறைதான் எடுக்க வேண்டும். ஆனால் சாக்கை மாட்டினவன் ஆர், அவனை ஆர் இருத்தினது, சாக்குக்குள் அவன் கண் என்ன பார்த்தது என்ற கேள்வி படத்தில் இருக்க வேண்டும். 'திடுக்' என்று கதவுக்குப் பின்னால் நிற்கவிடுவதற்கு மட்டும் தலையாட்டி என்றால், அதற்கு வெள்ளைச் சீலையே போதும்.

இப்ப பொம்மைக்கு வருகிறோம். 2014இல் 'அனபெல்' வந்த பிறகு எங்கட பேய்ப்படங்களில் பொம்மை இல்லாத படம் குறைவு. கண் பிடுங்கின, மண்ணில் புரட்டின, பாழடைந்த வீட்டு மூலையில் இருக்கிற பொம்மை. பக்கத்தில் சின்னப் பிள்ளையின் ஒற்றைச் சப்பாத்து. 2025இல் செம்மணியில், அரியாலை சித்துப்பாத்தி மயானத்தில் தோண்டினார்கள். இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிய வந்தன. பிள்ளைகளுடையதும் இருந்தன. நீல நிறப் புத்தகப் பை ஒன்று வந்தது. பொம்மை வந்தது. வளையல் வந்தது. ஓகஸ்ட் 5ஆம் திகதி, நீதிமன்ற உத்தரவில் அந்த உடுப்புகளையும் சாமான்களையும் சனத்துக்குக் காட்டினார்கள், ஆராவது அடையாளம் காண்பார்களா என்று. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடுகிற தாய்மார் அதில் தங்கட பிள்ளையின் சட்டையைத் தேடினார்கள். இருக்கக் கூடாதே என்று நினைத்துக்கொண்டும் தேடினார்கள்.

இனி யாழ்ப்பாணத்தில் மண்ணில் புரட்டின பொம்மை ஒன்றைக் கமராவுக்கு முன்னால் வைக்கிறவர் ஹொலிவூட்டைப் பார்த்து வைத்தேன் என்று தப்ப முடியாது. பார்க்கிறவர் கண்ணில் அது செம்மணிப் பொம்மைதான். ஷெல் விழுந்து கூரை போன வீடுகளை 'லொக்கேஷன்' எண்டு தேடித் திரிகிறதும் இதே மாதிரித்தான். அந்த வீட்டுக்கு ஒரு சொந்தக்காரர் இருந்தார், எங்கேயோ இன்னும் இருக்கலாம். பேய் உலாவுகிற வீடு என்று ஊரில் ஒரு பெயரை வைத்துவிட்டு வருவது அவருக்குச் செய்கிற மரியாதை இல்லை. வாய்க்கரிசிக்கும் இந்த நிபந்தனை பொருந்தும். மேலே நாங்களே பரிந்துரைத்ததுதான். வாய்க்கரிசி போடக் கிடைக்காமல் மே 2009இல் பிள்ளையை விட்டுவிட்டு வந்த தாய் ஒருத்தி அந்தத் திரையிடலில் இருப்பா. அவவுக்கு முன்னால் அந்த அரிசி கொட்டும்போது அதற்கு ஒரு பொருள் இருக்க வேண்டும். பொருள் இருந்தால் அவ அதைப் பார்ப்பா என்றுதான் நாங்கள் நம்புகிறோம்.

"காசில்லை, நேரமில்லை, பெடியள் பழகிறதுக்கு எடுக்கிற படம்தானே" என்பது கடைசி வாதம். காசு இல்லாதது யோசிக்காததற்குக் காரணம் ஆகாது. 1978இல் 'ஹலோவீன்' எடுத்தவர்கள் இரண்டு டொலருக்கும் குறைவான விலையில், 'ஸ்ரார் ட்ரெக்' கப்டன் கேர்க்கின் முகமூடியை வாங்கி, கண் ஓட்டையைப் பெருப்பித்து, வெள்ளை ஸ்பிறே அடித்தார்கள். ஒரு உணர்ச்சியும் இல்லாத முகம் அவர்களுக்குத் தேவைப்பட்டது, அதைத் தேடி எடுத்தார்கள். 1968இல் 'நைற் ஒஃப் த லிவிங் டெட்' படத்தில் எழும்பி வந்த பிணங்கள் சாதாரண உடுப்போடு, இரவுச் சட்டையோடு, கோட்டோடு வந்தன. பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி இருந்ததுதான் பயம். இரத்தத்துக்குச் சொக்லேற் சிரப். 2018இல் வந்த 'தும்பாட்'டில் கதையைத் தூக்கி நிறுத்துகிற சாமான் கோதுமை மாவில் பிசைந்த ஒரு பொம்மை. பசி பிடித்த தெய்வத்தை ஏமாற்ற மனிதர் இடுப்பில் கட்டிக்கொண்டு போகிற மாவுப் பொம்மை. பேராசையைப் பற்றின படத்துக்கு அதைவிடப் பொருத்தமான சாமான் எது? இவையெல்லாம் செலவால் வந்தவை இல்லை. இந்த உடுப்பு ஏன், இந்தச் சாமான் ஏன் என்று ஆரோ கேட்டதால் வந்தவை.

ஆகவே எங்கட கோரிக்கை இவ்வளவுதான். உடுப்புப் பொறுப்பை முதல்நாள் பின்னேரம் கொடுக்காமல், திரைக்கதை எழுதத் தொடங்கும்போதே கொடுங்கோ. குழுவில் இருக்கிற பெண்பிள்ளை என்பதற்காக அவளிடம் தள்ளாமல், விருப்பமானவரிடம் கொடுத்து, பெயர் போடும்போது இயக்குநருக்குப் பக்கத்தில் போடுங்கோ. ஒவ்வொரு உடுப்புக்கும் சாமானுக்கும் பக்கத்தில் ஒரு கேள்வியை எழுதுங்கோ: இதை ஊரில் உண்மையாய் உடுத்துகிறது ஆர், வைத்திருக்கிறது ஆர்? அந்த ஆள் படத்தைப் பார்க்க வந்தால் முன்வரிசையில் இருத்தத் துணிவு இருக்கா? இருந்தால் எடுங்கோ. இரத்தம் படுகிற சட்டையில் இரண்டு வாங்குங்கோ. புதுத்துணியைத் தேயிலைச் சாயத்தில் ஊறவைத்துப் பழசாக்குங்கோ. அம்மம்மாவின் வெள்ளைச் சீலையைத் திருப்பிக் கொண்டுபோய் அலுமாரியில் வையுங்கோ. வைக்க முதல், அதை எப்ப உடுத்தத் தொடங்கினவா, ஆர் உடுத்தச் சொன்னது எண்டு அவவிட்டைக் கேளுங்கோ. உங்கட அடுத்த படத்துக்கான கதை அந்தப் பதிலில் கிடைக்கலாம், அதில் பேய் அவவாய் இருக்காது.